'குறைவு' வேறு, 'இல்லை' வேறு: ஹாகனாய் படிக்கிறவர்களுக்கு

இந்த நாவலின் முதல் நகைச்சுவை அட்டையிலேயே இருக்கிறது. "போகு வா தொமொதாச்சி கா சுகுனாய்". தமிழில் சொன்னால், "எனக்கு நண்பர்கள் குறைவு". ஹிரசாகா யோமி எழுத, புரிகி படம் வரைய, எம்எஃப் புங்கோ ஜே வரிசையில் 2009 ஆகஸ்ட் முதல் 2015 ஆகஸ்ட் வரை 11 தொகுதிகளாக வந்த லைட் நாவல் (இளைஞர்களுக்காகப் படங்களோடு வரும் ஜப்பானிய நாவல்) இது. பெயரைப் பாருங்கள்: 'இல்லை' என்று சொல்லவில்லை, 'குறைவு' என்கிறது. குறைவு என்று சொல்கிறவனுக்கு ஒரு ஆளாவது இருக்க வேண்டுமே? கதையில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி அதுதான். 11 தொகுதியும் அதைச் சுற்றித்தான் ஓடுகின்றன.

சுருக்கப்பெயர் இன்னும் குறும்பு. ஜப்பானியத் தலைப்பில் சீன எழுத்துகளான காஞ்சியும் உண்டு, ஒலியெழுத்தான ஹிராகனாவும் உண்டு. காஞ்சியை எல்லாம் எடுத்துவிட்டு ஹிராகனாவை மட்டும் ஒட்டினால் வருவது 'ஹாகனாய்'. ('வா' என்று ஒலிக்கும் உருபை எழுதும்போது 'ஹா' எழுத்தைத்தான் போடுவார்கள், அதனால்தான் 'ஹா'.) இப்படி உரித்ததில் 'நண்பர்' என்ற சொல்லே காணாமல் போய்விட்டது. மிஞ்சியது உருபுகளும் ஒரு 'னாயு'ம். அந்த 'னாய்' தனியாக நின்றால் அதற்கு 'இல்லை' என்று பொருள். முழுப்பெயரில் குறைவாக இருந்த நண்பர்கள், சுருக்கப்பெயரில் இல்லாமலே போய்விட்டார்கள்.

கதைக்களம் செயின்ட் க்ரோனிகா என்ற கிறிஸ்தவப் பள்ளி. அங்கே மாற்றலாகி வந்திருக்கும் கொடாகா ஹஸெகாவாவுக்கு அப்பா ஜப்பானியர், அம்மா ஆங்கிலேயர். தலைமுடி சரியான பொன்னிறமும் இல்லை, சரியான பழுப்பும் இல்லை; சாயம் போட்டுச் சொதப்பிய மாதிரி இருக்கும். கண்ணும் முறைப்பது போலவே இருக்கும். முதல் நாளே பஸ் மாறி ஏறி, தாமதமாக மூச்சு வாங்க வகுப்புக்குள் நுழைந்ததில், ரவுடி என்று முத்திரை விழுந்துவிட்டது. ஒரு மாதம் கழித்து ஒரு மாலை, யாருமில்லாத வகுப்பறையில் மிகாஸுகி யோஸோரா தனியாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பதை அவன் பார்த்துவிடுகிறான். யாரோடு என்று கேட்டால், தோமோ-சானோடு. தோமோ-சான் காற்றுத் தோழி, அதாவது யோஸோரா மட்டும் பார்க்கக்கூடிய தோழி.

மாட்டிக்கொண்ட யோஸோரா மறுநாளே ஒரு மன்றம் தொடங்குகிறாள்: ரின்ஜின்பு, அண்டைவீட்டார் மன்றம். கிறிஸ்தவ நெறிப்படி சக மாணவர்களுக்கு நல்ல அண்டைவீட்டாராக இருப்பது நோக்கம் என்று பள்ளியிடம் சொல்லி அனுமதி வாங்கிவிடுகிறாள். உண்மையான நோக்கம் அறிவிப்புச் சீட்டில் ஒளிந்திருக்கிறது. முதல் வரியில் முதல் எழுத்து, இரண்டாம் வரியில் இரண்டாம் எழுத்து என்று குறுக்காக இறங்கினால் 'தொமொதாச்சி போஷூ', அதாவது 'நண்பர்கள் தேவை'. இதை யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள் என்று கொடாகா அலுத்துக்கொண்டிருக்கும்போதே கதவு தட்டப்படுகிறது. அறிவிப்புப் பலகையைக் குறுக்கும் நெடுக்கும் படிக்கிற அளவுக்கு ஒருவருக்குப் பொழுது போகவில்லை என்றால், அவருக்குப் பேச ஆளில்லை என்று அர்த்தம். நுழைவுத் தேர்வையும் சீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டாள் யோஸோரா. இந்தத் தொடரின் கச்சிதமான இடங்களில் இது ஒன்று; அவசரமாகப் படித்தால் வெறும் கோமாளித்தனமாகப் போய்விடும்.

கதவைத் தட்டியவள் கஷிவஸாகி ஸெனா. பள்ளித் தலைவரின் மகள். அழகு, மதிப்பெண், விளையாட்டு மூன்றும் உண்டு. பின்னால் சுற்றும் பையன்கள் கூட்டம் உண்டு, ஒரு தோழி கிடையாது. "ரியாஜூ சாகட்டும்!" என்று யோஸோரா கதவை அறைந்து சாத்துகிறாள். 'ரியாஜூ' இணையத்தில் பிறந்த கேலிச்சொல், 'நிஜ வாழ்க்கை நிறைவாக அமைந்தவர்' என்று பொருள். பிறகு ஸெனாவுக்கு 'நிகு' என்று பட்டப்பெயர் வேறு. நிகு என்றால் இறைச்சி. தமிழில் 'கறி' என்று கூப்பிட்டால்தான் அந்த இளக்காரம் வரும். 'மாமிசம்' என்று போட்டால் சிரிப்பு செத்துவிடும். கவனிக்க வேண்டியது, அந்தப் பெயருக்கு ஸெனா பதில் சொல்கிறாள் என்பதுதான்.

இந்த மாதிரி ஆட்களுக்கு ஜப்பானில் 'ஸன்னென்' என்ற அடைமொழி உண்டு. 'வருந்தத்தக்க' என்று அகராதி சொல்லும். நம் பேச்சில் அது ஒரு இழுவை: "பொண்ணு லட்சணமா இருக்கா, நல்லா படிக்கிறா, ஆனா..." என்று நிறுத்துவோமே, அந்த 'ஆனா'தான் ஸன்னென். மன்றத்தில் எல்லோருக்கும் ஒரு 'ஆனா' இருக்கிறது. அறிவியல் மேதை ரிகாவுக்குப் பள்ளி தனி ஆய்வகமே கொடுத்திருக்கிறது. ஆனா வகுப்புக்குப் போவதில்லை, ரோபோக்களுக்குள் காதல் கற்பனை செய்கிறாள். யுகிமுராவுக்கு ஆண்மையின் சிகரமாக வேண்டும். ஆனா அதற்கு வழி பணிப்பெண் உடை என்று யோஸோரா சொன்னதை நம்பிவிட்டாள் அந்த அப்பாவி. பொறுப்பாசிரியை மரியா கன்னியாஸ்திரி. ஆனா வயது 10.

இனி சிரிப்பு எப்படிக் கட்டப்படுகிறது என்று பார்க்கலாம். ஏறக்குறைய ஒவ்வொரு அத்தியாயமும், சாதாரணமான நண்பர்கள் இப்படியெல்லாம் செய்வார்களாம் என்ற ஒரு வதந்தியில் தொடங்கும். வீடியோ கேம், நாடகம், நீச்சல் குளம், கரோகே. அடுத்தது ஏற்பாடு, அது மட்டும் பரீட்சைக்குத் தயாராவது போல நடக்கும். கையில் எடுத்துச் செல்லும் கருவியில் பல பேர் சேர்ந்து அரக்கர்களை வேட்டையாடும் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டாக விளையாடினால் நட்பு வரும் என்பதுதான் கணக்கு. யோஸோராவும் ஸெனாவும் ஒருத்தியை ஒருத்தி மிஞ்ச வேண்டும் என்று தனித்தனியே வீட்டில் உட்கார்ந்து ஆடித் தேறிவிட்டு வருகிறார்கள். களத்தில் இறங்கியதும் அரக்கன் ஒரு பக்கம் நிற்க, இவர்கள் ஒருவரை ஒருவர் வெட்டிச் சாய்க்கிறார்கள். கரோகேயிலும் இதே கதை. ஒன்றாகப் பாடி மகிழப் போன இடத்தில் இருவரும் முறைத்துக்கொண்டு ஆளுக்கொரு தனி அறை எடுத்துப் பாடுகிறார்கள்.

ஏன் கெடுகிறது? இவர்களிடம் குறை இருப்பதால் இல்லை. நட்பை ஒரு திறமை என்று நினைத்துப் பயிற்சி எடுக்கிறார்கள். பயிற்சி என்றால் முதலிடம் என்று ஒன்று வரும், முதலிடம் வந்தால் போட்டி வரும். ஆனால் அத்தியாயம் முடியும்போது மணியைப் பாருங்கள்: ஒரு மாலை முழுக்கச் சேர்ந்தே இருந்திருக்கிறார்கள், வாய் ஓயாமல் திட்டிக்கொண்டு. மறுநாளும் அதே அறைக்கு வருவார்கள். வெளியிலிருந்து பார்க்கிற யாரும் இவர்களை நண்பர்கள் என்றுதான் சொல்வார்கள். உள்ளே இருக்கும் ஒருவருக்கும் அது தெரியவில்லை, அல்லது தெரியாதது போல் இருக்கிறார்கள்.

அந்த 'அல்லது' தான் கொடாகாவின் காது. "எ? நந்தத்தே?" என்பது அவன் வாடிக்கை வசனம். "ஆங்? என்ன சொன்னே?" என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பெண் மனசில் இருப்பதை முணுமுணுப்பாள். இவன் காதில் சரியாக அந்த நேரம் பார்த்து விழாது. காதல் நகைச்சுவைக் கதாநாயகர்களின் இந்தச் செவிட்டுத்தனத்துக்கு ஜப்பானிய ரசிகர்கள் உதாரணம் காட்டுவது இவனைத்தான். இரண்டாம் மூன்றாம் தொகுதியிலேயே எரிச்சல் வரும். ஆசிரியர் பழைய தந்திரத்தையே அரைக்கிறாரே என்று புத்தகத்தை மூடுகிறவர்கள் இங்கேதான் மூடுகிறார்கள். மூட வேண்டாம். 8ஆம் தொகுதியில் ரிகா இதைக் கையும் களவுமாகப் பிடிக்கிறாள். அவனுக்குக் காது நன்றாகவே கேட்கிறது. கேட்டுவிட்டால் பதில் சொல்ல வேண்டும், பதில் சொன்னால் இந்த அறையில் ஏதோ ஒன்று உடையும். உடையாமல் இருக்க அவன் கண்டுபிடித்த வழி செவிடனாக இருப்பது.

இது தெரிந்த பிறகு முதல் தொகுதிக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். கதை சொல்வது கொடாகாவே. மற்றவர்களிடம் மட்டுமல்ல, படிக்கிற நம்மிடமும் அவன் "என்ன சொன்னே?" என்றுதான் நடித்திருக்கிறான். நகைச்சுவையாக வைத்த ஒன்றை ஏழு தொகுதி தள்ளிக் குற்றச்சாட்டாக மாற்ற நல்ல பொறுமை வேண்டும். எனக்கு இந்தத் தொடரில் மதிப்பு வந்ததே இந்த இடத்தால்தான்.

தன்மைப் பெயரிலும் ஒரு நெருடல் இருக்கிறது. தலைப்பில் இருக்கும் 'போகு', பையன்கள் பணிவாகச் சொல்லும் 'நான்'. கொடாகா கதை சொல்லும்போது பயன்படுத்துவது 'ஓரெ', கொஞ்சம் முரட்டு 'நான்'. அப்படியானால் தலைப்பில் பேசுவது யார்? தமிழில் இரண்டும் 'நான்' ஆகிவிடுவதால் இந்தக் கேள்வியே எழாது.

பெயர்களும் அப்படியே. பத்து வருடம் முன்பு இதே ஊரில் கொடாகாவுக்கு 'சோரா' என்றொரு உயிர்த்தோழன். அவன் இவனை 'தாகா' என்று கூப்பிடுவான். கொடாகாவில் தாகா இருப்பது நமக்கும் தெரிகிறது. யோஸோரா என்றால் இரவு வானம். அதன் இரண்டாம் காஞ்சியைத் தனியாகப் படித்தால் 'சோரா', வானம். ஜப்பானிய வாசகர் கண்ணுக்கு விடை முதல் பக்கங்களிலேயே கிடக்கிறது. கொடாகாவுக்கு மட்டும் கோடை விழாவில் பட்டாசு நெருப்பு அவள் நீண்ட கூந்தலில் பட்டு, அதை அவள் கட்டையாக வெட்டிக்கொண்டு வரும்வரை உறைக்காது. பிற எழுத்தில் படிக்கிறவர்களுக்கு இது திருப்பம். மூலத்தில் படிக்கிறவர்களுக்கு, எப்போதடா கண்ணைத் திறப்பாய் என்ற சிரிப்பு. தமிழில் இதை 'ஸோ', 'சோ' என்று வேறுவேறாக எழுதினால் கிடைக்கும் கொஞ்ச நஞ்ச துப்பும் போய்விடும் என்பதையும் சொல்ல வேண்டும். கூட்டுச்சொல்லில் 'சோ' தடித்து 'ஸோ' ஆகிறது, அவ்வளவுதான்.

தமிழுக்கு அல்வா மாதிரி வரக்கூடியது கொடாகாவின் தங்கை கொபாதோ. நடுநிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டு. அந்த வயதில் வரும் 'நான் சாதாரண ஆள் இல்லை' நோய்க்கு ஜப்பானில் வைத்த பெயரே 'நடுநிலை இரண்டாம் ஆண்டு நோய்'. கறுப்புச் சரிகை உடை, ஒரு கண்ணில் மட்டும் சிவப்பு லென்ஸ், தான் ஒரு ரத்தக்காட்டேரி என்ற அறிவிப்பு. அண்ணனைப் பழங்கால நடையில் 'என் மறுபாதியே' என்று விளிப்பாள். பயந்துவிட்டாலோ அழுதுவிட்டாலோ அந்த நடை பொலபொலவென்று உதிர்ந்து, க்யூஷூ வட்டாரப் பேச்சில் "அன்சான்!" என்று கத்துவாள். இரண்டு நடைக்கும் இடையில் அவள் வழுக்கி விழும் அந்த நொடிதான் சிரிப்பு. இரண்டையும் ஒரே நடையில் பெயர்த்தால் ஒன்றும் மிஞ்சாது. "அறிவாய் மானிடா, யாம் இருளின் அரசி" என்று தொடங்கி "எண்ணே, பயமா இருக்குண்ணே" என்று முடிக்க நம்மிடம் செந்தமிழும் இருக்கிறது, ஊர்ப்பேச்சும் இருக்கிறது. எந்த ஊர்ப்பேச்சு என்பதை மட்டும் ஒருமுறை முடிவு செய்து, கடைசிவரை மாற்றாமல் இருக்க வேண்டும்.

குறைகளையும் சொல்லிவிடுவோம். உடலைக் காட்டிச் சிரிக்கவைக்கும் இடங்கள் நிறைய, அதில் சின்னப் பெண்களை இழுப்பது சகிக்கவில்லை; அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டால் கதை எதையும் இழக்காது. யுகிமுராவைச் சுற்றிய ஆணா பெண்ணா நகைச்சுவை சீக்கிரம் பழசாகிவிட்டது. 8க்குப் பிறகு மாணவர் மன்றம், புதுமுகங்கள் என்று கதை அகலமாகிறது, பழைய அறையின் நெருக்கம் குறைகிறது. கடைசித் தொகுதி ரசிகர்களை இரண்டாகப் பிரித்தது. யாரோடு யார் சேர்வார்கள் என்று பந்தயம் கட்டிப் படித்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. தலைப்பில் காதல் என்ற சொல்லே இல்லையே என்று நினைத்துப் படித்தவர்களுக்கு அவ்வளவு ஏமாற்றம் இல்லை.

எங்கே தொடங்குவது? ஜப்பானியம் ஓரளவு தெரிந்தால் மூலத்திலேயே தொடங்கலாம். உள்ளங்கை அகல புங்கோ புத்தகம், 105க்கு 148 மில்லிமீட்டர். பாதிக்கு மேல் உரையாடல், சில அத்தியாயங்கள் சில பக்கங்களிலேயே முடிந்துவிடும். தெரியாதவர்களுக்கு மங்காவும் (படக்கதை) அனிமேவும் (அசைபடத் தொடர்) உண்டு. இடாச்சி வரைந்த மங்காவை ஆங்கிலத்தில் செவன் சீஸ் வெளியிட்டது. அனிமே இரண்டு பருவம், 2011 அக்டோபரிலும் 2013 ஜனவரியிலும் தொடங்கியவை, தலா 12 பகுதி. இரண்டாம் பருவம் ரிகாவின் அந்த மோதல்வரை வருகிறது, எனவே அதையே ஒரு முடிவாக வைத்துக்கொள்ளலாம். அனிமேயில் இழப்பது கொடாகாவின் உள்மனப் பேச்சு. காது கேட்காத நடிப்பைத் திரையில் பார்க்கும்போது அவன் வெறும் மந்தமாகத் தெரிவான். புத்தகத்தில்தான் பொய்யனாகத் தெரிவான். 'கனெக்ட்' என்று ஒரு கிளைத் தொகுதியும் இருக்கிறது, மற்றவர்கள் கண்ணால் பார்த்த சம்பவங்கள். அதை 8ஆம் தொகுதிக்கு முன்னால் தொடாதீர்கள். கொடாகா எதையெல்லாம் காதில் வாங்காமல் விட்டான் என்பது அதற்கு முன் தெரிந்துவிட்டால் ரிகாவின் அடி பாதியாகிவிடும்.