உள்ளங்காலில் அரிப்பு

கர்ப்பத்தின் எட்டாம் மாதம் முடியும் நேரத்தில் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்க ஆரம்பித்தன. தடிப்பு எதுவும் இல்லை, வெறும் அரிப்பு. அதுவும் ராத்திரியில்தான் உயிரை வாங்கும். ஈரத்துணியைப் பாதத்தில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வயிறு விரிவதால் அரிப்பது சகஜம் என்றார்கள். வயிற்றில் அரித்தால் சரி, உள்ளங்காலில் ஏன்? அந்தக் கேள்வியோடு டாக்டரிடம் போனேன்.

ரத்தத்தில் பித்த அமிலம் கூடியிருந்தது. கர்ப்பகால ஹார்மோன்களால் கல்லீரலிலிருந்து பித்தம் சரியாக வடியாமல் போவதால் வருவது. தாய்க்குப் பெரும்பாலும் அரிப்போடு போய்விடும். ஆனால் அளவு லிட்டருக்கு 100 மைக்ரோமோலைத் தொட்டால், குழந்தை வயிற்றிலேயே இறக்கும் அபாயம் கூடுகிறது. எனக்கு அவ்வளவு ஏறவில்லை. இருந்தும் அதைக் கேட்ட பிறகு ஒவ்வொரு அசைவுக்கும் காத்துக் கிடந்தேன்.

தடிப்பில்லாமல் இப்படி அரித்தால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். பித்த அமிலப் பரிசோதனை வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள்.

அர்சோடியாக்ஸிகோலிக் அமில மாத்திரை கொடுத்தார்கள். அரிப்பு கொஞ்சம்தான் குறைந்தது. வாராவாரம் ரத்தப் பரிசோதனை. 38ஆம் வாரத்தில் வலி வரவழைத்தார்கள், மகள் நலமாகப் பிறந்தாள். அப்புறம் அரிப்பும் தானாக நின்றது. அடுத்த கர்ப்பத்திலும் திரும்ப வரலாம் என்பதால், முதல் பரிசோதனையிலேயே இதைச் சொல்லிவிடப் போகிறேன்.