கணுக்கால் பிரஷர் கூடியிருந்தும் அம்மாவின் கால்விரல் பிரஷரை ஏன் எடுத்தார்கள்

அம்மாவுக்கு இருபது வருடத்துக்கு மேலாகச் சீனி வருத்தம். இடது குதிக்கால் பக்கத்தில் செருப்பு உரசிய புண் ஆறாமல் இழுத்துக்கொண்டே போனது. காலுக்கு ரத்தம் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்கச் சொல்லி கிளினிக் டொக்டர் பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் தந்தார்.

ஊசி குத்துவார்களோ என்று அம்மா பயந்தார். அப்படி ஒன்றுமில்லை. முதலில் கொஞ்ச நேரம் மல்லாந்து படுக்க வைத்தார்கள். நடந்து வந்த கையோடு எடுத்தால் அளவு பிழைக்குமாம். அப்புறம் இரண்டு கைகளிலும் கணுக்கால்களிலும் பிரஷர் பட்டி கட்டி, ஜெல் பூசி, பேனா போன்ற டொப்ளர் கருவியை வைத்து ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்டார்கள். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுக்க வேண்டும். 1.0 முதல் 1.4 வரை இயல்பு. 0.9க்குக் கீழே என்றால் அடைப்பு இருக்கலாம்.

அம்மாவுக்குக் கை 140, கணுக்கால் 210. வகுத்தால் 1.5. கூட வந்த மாமி, "கூடத்தானே இருக்கு, நல்லது" என்றார். அளவெடுத்த மிஸ் பொறுமையாக விளங்கப்படுத்தினார். கனகாலம் நீரிழிவு இருந்தால் ரத்தக்குழாய்ச் சுவரில் கல்சியம் படிந்து குழாய் விறைத்துவிடும். பட்டியை இறுக்கினாலும் நசியாது, அதனால் எண் ஏறிவிடும். உள்ளே அடைப்பு இருந்தாலும் வெளியே தெரியாது. கால்விரல்களின் சிறு குழாய்கள் பெரும்பாலும் அப்படி விறைப்பதில்லை.

அதனால் பெருவிரலில் சின்னப் பட்டி கட்டினார்கள். கால் குளிர்ந்தால் அளவு குறைத்துக் காட்டும் என்று ஃபானை நிறுத்திப் போர்வையும் போட்டார்கள். விரல் அளவு 84. வகுத்தால் 0.6. இதில் 0.7க்குக் கீழே என்றாலே ரத்த ஓட்டம் குறைவு. பிறகு எடுத்த டொப்ளர் ஸ்கானில் முழங்காலுக்குக் கீழே குழாய் ஒடுங்கியிருப்பது தெரிந்தது. நீரிழிவுக்காரருக்கு அடைப்பு அதிகம் வருவதும் அங்கேதான்.

இத்தனைக்கும் அம்மாவுக்கு நடக்கும்போது கால் வலித்ததே இல்லை. நரம்பு மரத்தவர்களுக்கு வலி தெரியாமலே போகலாம். பல வருடமாகச் சீனி வருத்தம் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், கணுக்கால் எண் 1.4க்கு மேல் வரும்போது விரல் பிரஷரும் பார்க்கலாமா என்று தயவுசெய்து கேளுங்கள்.

இப்போது கொழுப்புக்கு மாத்திரை, புண்ணுக்கு மருந்து கட்டுதல், தினமும் இரவில் பாதத்தைப் பார்ப்பது என்று போகிறது. நல்லூர்த் திருவிழாவுக்கு வெறுங்காலோடு சுடுமணலில் நிற்க வேண்டாம் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மணல் சுடுவதே அம்மாவுக்குத் தெரியாது. இந்த முறை விடியற்காலைப் பூசைக்கு மட்டும் போக அம்மா சம்மதித்திருக்கிறார்.