வைவாவில் நசெல்ட் எண் காலை வாராமலிருக்க

குலசேகரம் பக்கத்து ரப்பர் ஷீட் புகையறையையோ, குளச்சல் கருவாட்டுக்கு ஒரு சோலார் டிரையரையோ இறுதியாண்டு புராஜெக்டாக எடுத்து, உள்ளே காற்றும் வெப்பமும் போவதைக் கணினியில் கணக்கிடுபவர்கள், கொந்தளிப்புக்கு (டர்புலன்ஸ்) கே-எப்சிலான் மாடலா எஸ்எஸ்டி மாடலா என்றே ஒரு மாதம் பேசுகிறார்கள். கணக்குக்காக இடத்தைச் சின்னச் சின்னச் செல்களாக வெட்டுகிறோம்; அந்த வலைதான் மெஷ். முதலில் பார்க்க வேண்டியது அதில் சுவரை ஒட்டிய முதல் செல்லை. வெப்பம் கைமாறுவது அங்கேதான். வெறும் கடத்தலைவிட ஓடும் காற்று எத்தனை மடங்கு வெப்பத்தைக் கைமாற்றுகிறது என்பதுதான் நசெல்ட் எண்.

ஒரு உதாரணம்: 50 மி.மீ. விட்டம், வழவழப்பான குழாய், உள்ளே காற்று, ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் சீரானதா கொந்தளிப்பானதா என்று காட்டுவது) 20,000. வேகம் நொடிக்கு 6.4 மீட்டர் அளவில் வரும். ஒய்-பிளஸ் (சுவரிலிருந்து உள்ள தூரத்தின் அலகில்லா அளவு) 1 வேண்டுமானால் முதல் செல்லின் மையம் சுவரிலிருந்து 0.04 மி.மீ.யில் இருக்க வேண்டும். வால் ஃபங்ஷன் (சுவரோரத்தை நுணுக்கமாகக் கணக்கிடாமல் சூத்திரத்தால் நிரப்புவது) போட்டால் ஒய்-பிளஸ் 30க்கு மேல், அதாவது 1.3 மி.மீ.யாவது தள்ளி. பலர் மாட்டுவது இடையில், 5க்கும் 30க்கும் நடுவே. வால் ஃபங்ஷனை வைத்துக்கொண்டே மெஷ்ஷை நெருக்கிக்கொண்டு போனால் அந்தப் பள்ளத்தில்தான் விழுவீர்கள். கான்டூர் படம் அழகாக இருக்கும், நசெல்ட் எண் மட்டும் ஒவ்வொரு மெஷ்ஷுக்கும் மாறும்.

சரிபார்ப்பு: காற்று சூடேறும்போது இதே குழாய்க்கு சோதனைகளிலிருந்து வந்த டிட்டஸ்-போல்ட்டர் சூத்திரம் நசெல்ட் எண் 55 தரும், நீலின்ஸ்கி சூத்திரம் 52. சூத்திரங்களுக்குள்ளேயே 6 சதவீதம் இடிக்கிறது. “ஒரு சதவீதத்துக்குள் பொருந்துகிறது” என்றால், “எதோடு தம்பி?” என்று எக்ஸ்டர்னல் தேர்வாளர் கேட்பார். இரண்டு எண்ணையும் கையில் வைத்திருங்கள். டர்புலன்ட் பிராண்டில் எண் (கொந்தளிப்பு உந்தத்தையும் வெப்பத்தையும் கடத்தும் அளவுகளின் விகிதம்) 0.85 என்று பல மென்பொருள்களே போட்டிருக்கும். காற்றுக்கு அது போதும், திரவ உலோகத்துக்குப் போதாது.

குழாயில் தேறிய மாடல் எல்லா இடத்திலும் தேறாது. ஊதுகாற்று நேராக ஷீட்டில் மோதும் அமைப்பில், மோதும் புள்ளியில் ஸ்டாண்டர்ட் கே-எப்சிலான் கொந்தளிப்பு ஆற்றலை அளவுக்கு மீறி உண்டாக்கும். நசெல்ட் எண்ணும் கூடவே ஏறும். மென்டர் 1994-இல் வெளியிட்ட எஸ்எஸ்டி, உற்பத்தி வரம்போடு (அந்த ஆற்றல் உண்டாவதற்கு ஒரு உச்சவரம்பு) ஓட்டினால், அங்கே எவ்வளவோ மேல்.

புகையறை வேறு கதை. அங்கே காற்றை நகர்த்துவது சூடுதான்; வழக்கமான வால் ஃபங்ஷன் அதற்காகச் செய்ததல்ல. அறை 50 டிகிரி, புகைக்குழாய்ச் சுவர் 150 டிகிரி என்றால் பூசினெஸ்க் அனுமானமும் (அடர்த்தி மாற்றம் சிறியது என்று மிதப்பு விசையில் மட்டும் அதைச் சேர்ப்பது) ஒத்துவராது. அடர்த்தியை நல்லியல்பு வாயுவாக வையுங்கள். அந்தச் சூட்டில் கதிர்வீச்சு வெப்பச்சலனத்துக்கு நிகராக நிற்கும். அதைச் சேர்க்காமல் விட்டு, கணக்கு உதைத்ததும் பழியை டர்புலன்ஸ் மாடல் தலையில் கட்டுகிறார்கள்.