கஸ்தூரியார் வீதி மணிக்கூட்டுக் கடை

எங்கள் பாடசாலை நினைவுகள் என்றால் பரிசளிப்பு விழா, கிரிக்கெட், விடுதிச் சாப்பாடு எல்லாவற்றையும் மற்றப் பழைய மாணவர்கள் எழுதிவிடுவார்கள். நான் பாடசாலை விட்ட பிறகு போய் நின்ற இடத்தைப் பற்றி எழுதுகிறேன்.

எழுபதுகளில் யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் இருந்த, மணிக்கூடு திருத்தும் சின்னக் கடை அது. கடைக்கார ஐயா என் வகுப்புத் தோழனின் பெரியப்பா. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலம். சைக்கிள் டயருக்கே தவம் கிடந்தோம், சுவிஸ் உதிரிப்பாகத்துக்கு எங்கே போவது? ரோமர், ஃபாவ்ர் லூபா என்று எந்த சுவிஸ் மணிக்கூடு வந்தாலும் இருப்பதைக் கொண்டே ஓடவைத்தார்.

அவரது பெருமை, மரப்பெட்டிக்குள் இருந்த ஸ்டேக்கிங் செட். மணிக்கூட்டின் நுண்ணிய பாகங்களை நேராக நிறுத்தித் தட்டிப் பொருத்தும் கருவி அது. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரின் லெபனான் என்ற ஊரில் கென்ட்ரிக் அண்ட் டேவிஸ் நிறுவனம் செய்தது. அது அரபு நாட்டுச் சாமான் என்று தோழன் அடித்துச் சொல்வான். ஐயா திருத்தியதே இல்லை. வளைந்த இரும்புச் சட்டம், அதன் அடியில் பல அளவுத் துளைகளோடு சுழலும் வட்டத்தட்டு, சுற்றிலும் வரிசையாக நிற்கும் ‘பஞ்ச்’ (punch) எனும் உருக்குக் குச்சிகள். 'இன்வெர்ட்டோ' வகை என்பதால் பஞ்சைத் தலைகீழாகச் செருகி, அடியிலிருந்து பாகத்தைத் தாங்கவும் பயன்படுத்தலாம்.

கை தவறி விழுந்த மணிக்கூட்டில் பெரும்பாலும் முறிவது, முன்னும் பின்னும் ஆடி நேரத்தைச் சீராக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சுமுனைதான். மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு தடிப்பு, வேறென்ன செய்யும்? அச்சை மாற்றும்போது ஐயா முதலில் சுத்தியலைத் தொடவே மாட்டார். கூம்பு முனைப் பஞ்சை இறக்கி, துளை அதற்கு நேர்கீழே வரும்வரை தட்டைத் திருப்பி இறுக்குவார். புதிய அச்சைத் துளையில் நிறுத்தி, சக்கரத்தை அதன்மேல் ஏற்றுவார். நடுவில் துளையுள்ள உருண்டை முகப் பஞ்சால் மெல்லத் தட்டினால் அச்சின் விளிம்பு விரியும். பிறகு தட்டை முகப் பஞ்சால் அதைப் படியவைப்பார். ஒவ்வொரு முறை தட்டிய பிறகும் சக்கரத்தைச் சற்றுத் திருப்புவார். "தம்பி, அடிக்கிறது சுத்தியல் இல்லை, பஞ்ச்" என்பார்.

பழைய அச்சை அப்படியே குத்தித் தள்ளும் பழக்கம் அவருக்குப் பிடிக்காது. சக்கரத்தின் துளை பெருத்துவிடும். கடைசல் இயந்திரத்தில் அச்சின் விளிம்பைச் சீவிவிட்டே எடுப்பார். மணிக்கூடு ஓடியும் முள் பின்தங்கினால், நிமிட முள்ளைத் தாங்கும் கெனன் பினியன் தளர்ந்திருந்தால் அதையும் இதே சட்டத்தில் வைத்துத்தான் இறுக்குவார்.

இன்கப்ளாக் போன்ற அதிர்வுதாங்கிகள் பரவியதும் அச்சு முறிவது குறைந்தது. பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் மணிக்கூடு வந்ததும் வேலையே குறைந்தது.

இங்கே லண்டன் பழம்பொருள் சந்தைகளில் இத்தகைய பெட்டிகள் வருகின்றன. பஞ்சுகள் பாதி இல்லாமலிருக்கும். மரத்துக்கு மட்டும் பளபளவென்று மெருகு. கண்ணாடி அலுமாரிக்குள் வைத்து அழகு பார்ப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான். ஓய்வுபெற்ற பின் நானும் ஒன்று வாங்கினேன், வேலை செய்வதற்கு. அப்பாவின் கைமணிக்கூடு லாச்சிக்குள் நின்றுபோய்க் கிடந்தால், நம் பழைய மாணவர்களின் அடுத்த ஒன்றுகூடலுக்குக் கொண்டுவாருங்கள். பேட்டரி மணிக்கூடு மட்டும் வேண்டாம்.