எழுபது சதவீதமும் மூன்று விரல்களும்

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைக்காரர் அவர். ஒன்பது வருடமாக டயாலிசிஸ். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருகிறவர்களுக்கு முன்பே எங்கள் யூனிட்டுக்கு வந்து ஜன்னல் ஓரக் கட்டிலைப் பிடித்துவிடுவார்.

ஒருநாள் நான் ஊசி குத்தும்போது, "தம்பி, ராத்திரியில கை மரத்துப் போகுது, சாமணம் பிடிக்க முடியல" என்றார். இடது கையில்தான் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த இடம். அதனால் அந்தக் கைக்கு ரத்தம் குறைவாகப் போகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். அந்த மாத ரிப்போர்ட்டைக் காட்டினேன். டயாலிசிஸுக்கு முன்னால் ரத்தத்தில் யூரியா என்ற கழிவு 160, பின்னால் 48. எழுபது சதவீதம் இறங்கியிருக்கிறது. 65 இருந்தாலே போதும். "சூப்பரா இருக்குங்கய்யா" என்றேன். இதையேதான் நாலு மாதம் சொன்னேன்.

வலது கையும் மரக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இரண்டு கையிலும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். சுண்டுவிரலுக்கு ஒன்றுமில்லை. ராத்திரியிலும் மெஷினில் படுத்திருக்கும்போதும் அதிகம். டாக்டரிடம் சொன்னேன். மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது என்றார்.

காரணம் பீட்டா 2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதம். மூலக்கூறின் எடையை டால்டன் என்ற அலகில் சொல்வார்கள். யூரியாவின் எடை 60 டால்டன், இதன் எடை 11,800. நாங்கள் அவருக்குப் போட்டது லோ ஃப்ளக்ஸ் ஃபில்டர், சின்னத் துளை உள்ளது. அதன் துளைக்குள் இது அநேகமாக நுழையாது. நல்ல சிறுநீரகம் நாள் முழுக்க வெளியேற்றுவதை நாங்கள் வாரத்துக்கு மூன்று தடவை, நாலு நாலு மணி நேரத்தில் வெளியேற்றப் பார்க்கிறோம். மிஞ்சியது வருடக்கணக்கில் மணிக்கட்டிலும் மூட்டிலும் படிகிறது. இப்படிப் படிவது இந்தப் புரதம்தான் என்று 1985லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். பயிற்சியில் நானும் படித்ததுதான், பரீட்சையோடு மறந்துவிட்டேன்.

இண்டாக்சில் சல்ஃபேட் என்ற கழிவு இன்னொரு ரகம். ஆள் சின்னதுதான், ஆனால் ரத்தத்தில் இருக்கும் அல்புமின் என்ற புரதத்தின் இடுப்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அல்புமினை வெளியே விட்டால் உடம்பு தாங்காது, அதனால் இதுவும் பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடும். எந்த ஃபில்டர் போட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

பெரியவருக்கு இதை எப்படிச் சொல்வது? "சல்லடையில மாவு இறங்கிடுச்சுங்கய்யா, கல்லு நின்னுடுச்சு. நான் மாவை மட்டும் அளந்து நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப கல்லை யாரு அளக்கறது?" என்றார். எங்கள் யூனிட்டில் யாரும் அளப்பதில்லை.

வலது மணிக்கட்டில் ஆபரேஷன் ஆனது. பெரிய துளை உள்ள ஹை ஃப்ளக்ஸ் ஃபில்டருக்கு மாற்றினோம், விலை கூடுதல்தான். அது பீட்டா 2-வை ஓரளவு இழுக்கும். நேரத்தையும் அரை மணி கூட்டினார் டாக்டர். சட்டைப் பொத்தானை இப்போது அவரே போட்டுக்கொள்கிறார். சாமணம் இன்னும் நழுவுகிறதாம், சலங்கை முத்தைப் பற்றவைக்கும் வேலையை மகனிடம் விட்டுவிட்டார்.

நாலு மணி நேரம் முடிந்ததும் பக்கத்துக் கட்டில்காரர்கள் கிளம்புவார்கள். இவர் கடிகாரத்தைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார்.

"தம்பி, கல்லு இன்னும் கெளம்பலையா?"