கழுவிவிட்ட கல்

தென்னாப்பிரிக்காவின் டோங்காட்டில், கரும்புக் காட்டுக்கு நடுவே வளர்ந்தவன் நான். எங்கள் ஊருக்குப் பெயர் கொடுத்த ஆற்றின் மேலே, பாறைச் சரிவில் சிபுடு குகை இருக்கிறது. தொல்லியல் அறிஞர் லின் வாட்லி அங்கே 1998-இல் அகழாய்வைத் தொடங்கினார். அங்கே தோண்டியதைப் பிரிக்கும் வேலையில் சேரும்வரை நான் அதைக் கேள்விப்பட்டதுகூட இல்லை.

மண்ணைச் சலித்தபின் சல்லடையில் தங்கியதெல்லாம் பை பையாக வரும். எலும்பு, சிப்பி, விதை, கரி, கல் சில்லு என்று தட்டில் பிரிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதல் மாதம் நகத்தளவு குவார்ட்ஸ் சில்லு ஒன்று கைக்கு வந்தது. பிறை வடிவம். வளைந்த பக்கத்தை வேண்டுமென்றே கொத்தி மழுக்கியிருந்தார்கள். நேர்ப்பக்கம் இன்னும் விரலைக் கீறும். வளைவில் செம்மண் போல ஏதோ அப்பியிருந்தது. அழுக்குதானே என்று குழாயடியில் காட்டி, கட்டைவிரலால் தேய்த்துவிட்டேன். கல் பளபளவென்று வந்தது. சந்தோஷமாகக் கொண்டுபோய்க் காட்டினேன்.

மேலதிகாரி திட்டவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கழுவாத வேறொரு சில்லை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கச் சொன்னார். கூரான பக்கம் சுத்தமாக இருந்தது. மழுங்கிய பக்கத்தில் மட்டும் பிசினும் காவிப்பொடியும் படிந்திருந்தன. மண் என்றால் எல்லாப் பக்கமும் அல்லவா ஒட்டியிருக்க வேண்டும்? இது பசை. 60,000 ஆண்டுகளுக்கும் முன்னால் யாரோ கல்லை மரத்தண்டில் பதித்து ஒட்டிய பசை. நான் தேய்த்துக் கழுவியதும் அதைத்தான். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மரப்பிசின் மட்டும் காய்ந்தால் நொறுங்கும். காவிக்கல் பொடி கலந்து நெருப்போரம் பதமாக வாட்டினால் நிற்கும். சூடு மிஞ்சினால் குமிழி விட்டுக் கெட்டுவிடும். வாட்லி இதைத் தானே செய்து பார்த்து எழுதியிருக்கிறார். படித்ததும் எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தது. கரும்புக் கத்தியின் பிடி கழன்றால் குங்கிலியத்தோடு செங்கல் பொடி கலந்து உருக்குவார். "வெறும் குங்கிலியம் நிக்காதுடா, பொடி போட்டாத்தான் புடிக்கும்" என்பார்.

2024-இல் யுனெஸ்கோ சிபுடுவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. செய்தியைப் படித்தபோது என் கண்முன் நின்றது அந்தச் சில்லின் பைதான். அதன் சீட்டில் "கழுவப்பட்டது" என்று என் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறது.

தாத்தாவின் கத்தி வீட்டில் இருக்கிறது. போன ஞாயிறு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பிடியின் வாயில், குங்கிலியத்துக்குள் செங்கல் துணுக்குகள் சிவப்பாகத் தெரிந்தன.