மதுரைல ஒரு பழைய கயென் டர்போ: நாட்குறிப்பு

2025 பிப்ரவரி 2

முடிவு பண்ணியாச்சு, வாங்கப் போற பழைய கயென் (போர்ஷேங்கிற ஜெர்மன் கம்பெனியோட பெரிய எஸ்யூவி) டீசல் இல்ல, வி8, அதாவது எட்டு சிலிண்டர், பெட்ரோல் தான். 2010ல வந்த ரெண்டாவது தலைமுறை போர்ஷே கயென், 958ன்னு சொல்லுவாங்க, நம்ம பக்கம் பழசா விலைக்கு வர்றது பெரும்பாலும் 3 லிட்டர் வி6 டீசல். நல்ல வண்டி, மைலேஜும் குடுக்கும், கணக்கு பாக்கிறவங்க அதைத்தான் வாங்கணும். ஆனா நான் இத்தனை வருஷமா மனசுல வச்சிருக்கிறது டர்போ. 4.8 லிட்டர் இன்ஜின், ரெண்டு டர்போ, 500 குதிரைத்திறன், 700 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழல் இழுவை), ரெண்டு டன்னுக்கு மேல எடை இருக்கிற வண்டி 0ல இருந்து 100 தொட 4.7 செகண்ட் தான்னு கம்பெனியே சொல்லுது.

இப்ப இது விக்கிற விலை, புது இன்னோவா டாப் மாடல் ரோட்டுக்கு வர்ற விலைய விட கம்மி. கேக்கிறவங்க எல்லாரும் அடேங்கப்பாங்குறாங்க, ஆனா விலை இறங்குனது வண்டிக்கு மட்டும் தான், பார்ட்ஸுக்கு இறங்கல. புதுசுல கோடிக்கு மேல வித்த வண்டியோட பிரேக் டிஸ்க்குக்கு இன்னைக்கும் கோடி ரூபா வண்டி டிஸ்க்கோட விலை தான் கேப்பாங்க. அதனால வச்சிருக்கிற காசுல மூணுல ஒரு பங்க தனி அக்கவுண்ட்ல போட்டு பூட்டிட்டேன், மிச்சத்துக்கு தான் வண்டி. அந்த பங்கு இல்லாதவங்க இந்தப் பக்கம் வரவே கூடாதுங்கிறது என் உறுதியான கருத்து.

பிப்ரவரி 15

கோயம்புத்தூர் போய் ஒரு 2012 டர்போ பாத்துட்டு வந்தேன். கோயம்புத்தூர் நம்பர், ரெண்டாவது ஓனர், வயசானவரு, மில்லுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் பண்றவரு. "உக்காருங்க தம்பி, மொதல்ல காபி குடிங்க"ன்னுட்டு வண்டி சாவிய குடுக்காம ஒரு தடி ஃபைல கொண்டாந்து டேபிள்ல வச்சாரு. வண்டி டெலிவரி எடுத்த நாள்ல இருந்து போட்ட பில்லு அம்புட்டும் தேதிவாரியா இருக்கு. எனக்கு அங்கனயே பாதி மனசு போயிருச்சு. கிலோமீட்டர் மீட்டர எவனும் எப்படியும் திருப்பலாம், ஆனா பன்னெண்டு வருஷ பில்லுல ஒவ்வொண்ணுலயும் ஓடுன கிலோமீட்டர் வரிசையா ஏறிட்டே வர்றத யாரும் ஜோடிக்க முடியாது.

நான் மொதல்ல தேடுனது கேம்ஷாஃப்ட் அட்ஜஸ்டர் (இன்ஜின் வால்வு திறக்கிற நேரத்த மாத்துற பாகம்) வேலை. 2010ல இருந்து 2012 வரைக்கும் வந்த வி8கள்ல அந்த அட்ஜஸ்டரோட போல்ட்டு லூஸாகி, ஓடிட்டு இருக்கிறப்பவே இன்ஜின் நின்னு போகலாம்னு கம்பெனியே ரீகால் போட்டு வண்டிகள திருப்பி கூப்பிட்டது. அந்த வேலை முடிஞ்சதுக்கு பேப்பர் ஃபைல்ல இருந்துச்சு. இல்லைன்னா காபிய குடிச்சுட்டு மருதைக்கு பஸ் ஏறிருப்பேன்.

பிப்ரவரி 22

இன்னைக்கு முழு செக்கப். நம்ம ஊர் மெக்கானிக் அண்ணனையும் கூட்டிட்டு போனேன், தெப்பக்குளம் பக்கம் ஜெர்மன் வண்டி மட்டும் பாக்கிறவரு. முந்தின ராத்திரியே ஓனர்ட்ட போன் பண்ணி, வண்டிய ஏர் சஸ்பென்ஷன்ல (இரும்பு ஸ்பிரிங்குக்கு பதிலா காத்துப் பை) ஒசத்தி நிறுத்தி நாலு ஃபெண்டர் உயரத்தையும் டேப் வச்சு அளந்து எழுதி வைங்க சார், ராத்திரி ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன். மனுஷன் ஒரு வார்த்தை மறுக்கல. காலைல போய் அளந்தா ஒரு மூலையும் எறங்கல, அப்படின்னா ஏர் ஸ்பிரிங்ல கசிவு இல்ல. அங்க கசிவு இருந்தா கம்ப்ரஸர் ஓயாம ஓடி ஓடி அதுவும் சேந்து போயிரும், ரெண்டு செலவு.

அப்புறம் கோல்டு ஸ்டார்ட். நேத்துல இருந்து ஆறிக் கெடந்த இன்ஜின் தான் உண்மை சொல்லும், நாம போறதுக்கு முன்னாடியே ஒருத்தன் வண்டிய சூடு பண்ணி வச்சிருந்தா அங்கயே சந்தேகப்படணும். செயின் சத்தம் இல்ல, நீலப் புகை இல்ல. லிஃப்ட்ல ஏத்தி அடில பாத்தாச்சு, ஸ்பார்க் பிளக் எட்டையும் கழட்டி அந்த ஓட்டை வழியா கேமரா விட்டு சிலிண்டர் சுவர்ல கீறல் இருக்கான்னு ஒவ்வொண்ணா பாத்தாப்ல அண்ணனோட கூட வந்த தம்பி. இந்த இன்ஜின் பிளாக்குக்குள்ள இரும்பு லைனர் (சிலிண்டருக்கு உள் உறை) கிடையாது, அலுமினியம் சிலிக்கான் கலவை மேலயே பிஸ்டன் ஓடுது, கீறல் விழுந்தா சும்மா போர் பண்ணி (சுவர கடைஞ்சு) ஒப்பேத்த முடியாது. எட்டும் சுத்தம்.

ஒரே குறை டயர். முன்னாடி புதுசு, பின்னாடி தேஞ்சது. பாக்க சின்ன விஷயம், ஆனா டர்போல நாலு வீலுக்கும் சக்திய பிரிச்சு குடுக்கிறது டிரான்ஸ்ஃபர் கேஸ்குள்ள இருக்கிற மல்டி பிளேட் கிளட்ச், கம்ப்யூட்டர் தான் அதை இறுக்கும் விடும். முன் டயரும் பின் டயரும் சுத்தளவுல வித்தியாசப்பட்டா அந்த கிளட்ச் நேர் ரோட்டுல கூட உரசிக்கிட்டே இருக்கும். நாலு டயர் விலைய கழிச்சு பேசுனேன், அவரும் ஒத்துக்கிட்டாரு.

மார்ச் 7

பணம் ஆர்டிஜிஎஸ்ல போட்டாச்சு. 2 லட்சமும் அதுக்கு மேலயும் ரொக்கமா வாங்குறது வருமான வரி சட்டப்படி தப்பு, அதனால பாதி கேஷ் பாதி செக்குங்கிற பேச்சுக்கே ரெண்டு பேரும் போகல. ஓனர் பேர் மாத்துற ஃபார்ம் 29, 30 கையெழுத்து ஆச்சு. பழைய லோன் முடிஞ்சதுக்கு பேங்க் லெட்டர் இருந்தாலும் ஆர்சில ஹைப்போதிகேஷன் (பேங்க் அடமானம்) நீங்கிருக்கான்னு பரிவாகன்ங்கிற அரசு சைட்ல நானே பாத்துக்கிட்டேன். தமிழ்நாடு நம்பர் தான் வேணும்னு நான் பிடிவாதமா இருந்ததுக்கு காரணம் லைஃப் டாக்ஸ் (வண்டிக்கு ஒரே தடவையா கட்டுற ரோடு வரி). வெளி மாநில வண்டின்னா என்ஓசி (அந்த ஊர் ஆர்டிஓ தர்ற தடையில்லா சான்று) வாங்கி இங்க திரும்பவும் வரி கட்டணும், விலைல மிச்சம் பிடிச்சது அதுல போயிரும்.

இன்சூரன்ஸ் 14 நாளைக்குள்ள நம்ம பேருக்கு மாத்தணும். இந்த வயசு வண்டிக்கு ஜீரோ டெப் (பார்ட்ஸுக்கு தேய்மானம் கழிக்காத பாலிசி) யாரும் தர மாட்டேன்னுட்டாங்க.

மார்ச் 9

பல்லடம், தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல். வண்டிய வீட்டுக்கு கொண்டாந்தாச்சு.

எப்படி எழுதறதுன்னு தெரியல. தாராபுரம் தாண்டி ரோடு காலியா வெயில்ல கெடக்கு, முன்னாடி காத்தாலை ரெக்கை ஏத்துன ஒரு நீட்டு டிரெய்லர், எதிர்ல கண்ணுக்கு எட்டுன தூரம் ஒண்ணும் இல்ல, பெடல பைய அமுக்குனேன், அமுக்கி முடிக்கிறதுக்குள்ள எட்டு கியர்ல ரெண்டு மூணு கீழ இறங்கி டிரெய்லர் கண்ணாடில சின்னதா தெரியுது. சத்தம் பெருசா இல்ல, அடிவயித்துல இருந்து வர்ற ஒரு உறுமல் மட்டும். அப்புறம் பிரேக். முன்னாடி ஆறு பிஸ்டன் காலிப்பர், 390 மில்லிமீட்டர் டிஸ்க். வேகத்துக்காக இந்த வண்டிய வாங்குறவங்க நிறைய பேர், ஆனா எனக்கு இதுல நம்பிக்கை வந்தது பிரேக்க தொட்டப்ப தான்.

வீட்டு வாசல்ல அம்மாவுக்கு தான் மொத சவாரி. முட்டி வலி, ஒசரமான வண்டில ஏற மாட்டாங்க. சுவிட்ச தட்டி சஸ்பென்ஷன லோடிங் லெவலுக்கு எறக்குனேன், வண்டி மெதுவா தணிஞ்சு வந்துச்சு. "ஏய்யா, இது என்ன கோயில் யானை மாதிரி குனியுது"ன்னு சொல்லிட்டு அம்மா பாட்டுக்கு ஏறி உக்காந்துட்டாங்க. திருப்பரங்குன்றம் போய் கும்பிட்டுட்டு வந்தோம்.

ஏப்ரல் 6

ஃபைல்ல என்ன எழுதிருந்தாலும் எல்லா ஆயிலயும் நாமளா ஒரு தடவை மாத்திடணும்னு அண்ணன் சொன்னாரு, எனக்கும் அதான் சரின்னு பட்டுச்சு. இன்ஜின் ஆயில் மட்டும் ஒம்பது லிட்டர் கிட்ட பிடிக்குது. இதுல அளவு பாக்க டிப் ஸ்டிக் கிடையாது, இன்ஜின் சூடானதுக்கப்புறம் சமமான தரைல நிறுத்தி டிஸ்ப்ளேல தான் பாக்கணும். கியர் ஆயில், ரெண்டு டிஃபரென்ஷியல் ஆயில், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில், பிரேக் ஆயில், கூலண்ட், எட்டு பிளக், நாலு டயர். டயர்ல பக்கவாட்டுல என்0, என்1ன்னு அச்சு இருக்கணும், போர்ஷே ஒத்துக்கிட்ட டயருக்கு அது தான் அடையாளம், நாலுலயும் ஒரே அச்சா பாத்து வாங்குனேன்.

ஒரு நல்ல விஷயம், இந்த கயெனும் ஃபோக்ஸ்வேகன் டூரெக்கும் ஒரே அடித்தளம். சில பார்ட்ஸ்ல ரெண்டு கம்பெனி நம்பருமே இருக்கும், ஃபோக்ஸ்வேகன் டப்பால வர்றது விலை கம்மி. ஒவ்வொரு பார்ட்டுக்கும் நம்பர குறுக்கு வச்சு தேடுறது ராத்திரி எனக்கு பிடிச்ச வேலையாவே ஆகிப்போச்சு.

மே 11

நாளைக்கு விடிகாலைல அழகர் ஆத்துல எறங்குறாரு. கோரிப்பாளையம், தல்லாகுளம் பக்கம் வண்டி அசைய முடியாது, அசையவும் வேணாம். கயென் ஷெட்ல, பேட்டரிக்கு சார்ஜர் மாட்டிருக்கு. சும்மா நின்னாலும் இதோட கம்ப்யூட்டருங்க கொஞ்சம் கொஞ்சமா கரண்ட குடிக்கும், பேட்டரியோ முன் சீட்டுக்கு அடில இருக்கு, மாத்துனா புது பேட்டரிய வண்டியோட கம்ப்யூட்டர்ல பதியவும் வேணும். நாங்க எல்லாரும் நடந்தே போறோம்.

ஜூலை 13

ஒரு மாசமா சின்ன உறுத்தல். காளவாசல் சிக்னல்ல இருந்து கெளம்பி 30, 40ல லேசா ஆக்ஸிலேட்டர் குடுக்கிறப்ப ஒரு உதறல், கியர் தடுமாறுற மாதிரி. கியர்பாக்ஸ் போச்சுன்னு ஒரு ஒர்க் ஷாப்ல லட்சக்கணக்குல கணக்கு எழுதி குடுத்தாங்க. நான் நம்பல. இந்த 958 பெட்ரோல் வண்டிகள்ல இதே மாதிரி உதறல் டிரான்ஸ்ஃபர் கேஸ்ல இருந்து வர்றது உலகம் பூரா தெரிஞ்ச சங்கதி, அமெரிக்கால இதுக்குன்னு வாரண்டியவே கம்பெனி நீட்டிச்சு குடுத்துச்சு. நம்ம அண்ணன் ஸ்கேனர மாட்டிட்டு பக்கத்துல உக்காந்து ரிங் ரோட்டுல ஓட்ட சொன்னாரு, உதறுறப்ப கியர் மாறவே இல்லன்னு ஸ்க்ரீன்ல தெளிவா தெரிஞ்சுச்சு. ஏப்ரல்ல தான் ஆயில் மாத்துனது, இருந்தாலும் திரும்பவும் எறக்கிட்டு சரியான கிரேடு ஆயில் ஊத்தி, கிளட்ச அடாப்டேஷன் பண்ணாரு, அதாவது ஸ்கேனர் வச்சு அதோட அளவ கம்ப்யூட்டர்ல புதுசா பதிச்சாரு. உதறல் நல்லா கொறஞ்சிருக்கு, முழுசா போகல. டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒருநாள் மாத்த வேண்டி வரும், அந்த தனி அக்கவுண்ட் இதுக்கு தான் இருக்கு.

ஆகஸ்ட் 24

கொடைக்கானல். இ-பாஸ் போட்டு விடியறதுக்கு முன்னாடியே கெளம்புனோம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பிச்சதும் பாப்பா பின்னாடி இருந்து "அப்பா வண்டி சாயவே மாட்டேங்குது"ன்னா. உண்மை தான், இவ்ளோ எடை வச்சுக்கிட்டு கொண்டை ஊசி வளைவுல இது நிக்கிற நிதானம் வேற எந்த பெரிய வண்டிலயும் நான் பாத்ததில்ல. அகலம் தான் கவனிக்கணும், டம்டம் பாறை பக்கம் பஸ் எதிர்ல வந்தப்ப நின்னு வழி விட்டுட்டு தான் போனேன்.

எறங்குறப்ப மேனுவல்ல போட்டு ரெண்டு, மூணு கியர்லயே கொண்டு வந்தேன். எம்புட்டு பெரிய டிஸ்க்கா இருந்தாலும் ரெண்டு டன்ன மலைல இருந்து பிரேக்லயே எறக்குனா சூடு தாங்காது. மைலேஜ்? கம்பெனி கணக்குக்கு 100 கிலோமீட்டருக்கு 11.5 லிட்டர். நமக்கு ஹைவேல லிட்டருக்கு ஏழு கிட்ட வரும், மருதை டவுனுக்குள்ள அதுல பாதி. 100 லிட்டர் டேங்க், ரொப்புனா பத்தாயிரத்துக்கு மேல. இது தெரிஞ்சு தான் வாங்குனேன், பம்புல நிக்கிறப்ப எனக்கு வருத்தம் வர்றதில்ல.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. கடைய கழுவி, தராசுக்கும் கல்லாவுக்கும் பொட்டு வச்சு, வண்டிக்கும் சந்தனம் குங்குமம், வாழக்கன்னு. பூசணிக்கா உடைக்கிறப்ப நாலு டயர்லயும் எலுமிச்சம்பழம்.

எனக்கு இப்ப உண்மையான கவலை பெட்ரோல். பம்புல எல்லாம் 20 சதவீதம் எத்தனால் கலந்தது தான் வருது. இந்த வண்டி 10 சதவீதம் வரைக்கும் தான்னு வச்சு செஞ்சது. எத்தனால் ஈரத்த இழுக்கும், ரப்பர் ஹோஸ அரிக்கும், அதனால அதே பெட்ரோல வாரக்கணக்குல டேங்க்ல தேங்க விடாம ஓட்டிட்டு இருக்கேன், சர்வீஸப்ப ஃப்யூயல் லைன், சீல் எல்லாத்தையும் தனியா பாக்க சொல்லிருக்கேன். ஆக்டேனுக்காக 95 பெட்ரோல் போடுறேன். பழைய வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு எத்தனால் இல்லாத ஒரு பெட்ரோல் எல்லா ஊர்லயும் கெடைக்க வழி பண்ணணும், இது பணக்காரன் பிரச்சனை இல்ல, பழைய ஸ்ப்ளெண்டர் வச்சிருக்கிறவனுக்கும் இதே தான்.

நவம்பர் 16

மாப்ள ஒருத்தன் டெல்லில இருந்து ஒரு டீசல் கயென் வருது, பாதி விலைங்குறான். அங்க 10 வருஷம் தாண்டுன டீசல் வண்டி ஓடக்கூடாது, பெட்ரோலுக்கு 15 வருஷம்னு தடை போட்டாங்க, அதனால விலை விழுந்து தெக்க வந்துட்டே இருக்கு. வண்டி நல்லதா கூட இருக்கலாம். நான் அவன்ட்ட சொன்னது இம்புட்டு தான்: என்ஓசி கைல வராம ஒத்த ரூபா அட்வான்ஸ் குடுக்காத, நம்ம ஆர்டிஓல வரி எவ்ளோ வரும்னு மொதல்ல கேளு, மேட்ட தூக்கி சீட்டு போல்ட்டுல துரு இருக்கான்னு பாரு, வெள்ளத்துல கெடந்த வண்டி அங்க தான் மாட்டும், பில்லு ஃபைல் இல்லைன்னா என்னைய கூப்புடாத. ஃபைல் இருக்குன்னான். சரி அப்ப ஞாயித்துக்கெழம அண்ணனையும் கேமராவையும் கூட்டிட்டு வர்றேன், அதுவரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ண வேணாம்னு அந்த புரோக்கர்ட்ட சொல்லி வைன்னுட்டேன்.